ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து குளோப் வரை: மழையோடு ஒரு ஷேக்ஸ்பியர் பயணம்

ஜூன் 9 – லண்டன், ஈஸ்ட் ஹாம்

பாளையங்கோட்டையில் வெயில் 38-ஐத் தொட்டுக்கொண்டிருந்தபோது கிளம்பினேன். இங்கே இறங்கும்போது 14 டிகிரி. சித்தப்பா மகன் கையில் ஸ்வெட்டரோடு காத்து நின்றான். ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் கிடைப்பதைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடந்த புத்தகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். ‘மேக்பெத்’. தம்பி மகளின் பாடப்புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மூன்று நிறத்தில் கோடு, ஓரத்தில் பென்சில் குறிப்பு. இங்கே ஜிசிஎஸ்இ தேர்வுக்கு (நம்மூர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளைகள் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றாவது படித்தே ஆக வேண்டும்.

“பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்டேன்.

“கதை நல்லாத்தான் இருக்கு அத்தை. ஆனா கிளாஸ்ல ஒவ்வொரு வரியையும் பிச்சுப் பிச்சு வைக்கிறாங்க. கதையே மறந்துபோகுது.”

ஓய்வு பெறும்வரை நானும் வகுப்பில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். 1616-ல் இறந்துபோன ஒரு மனுஷர், ஈஸ்ட் ஹாமில் இட்லி சாப்பிடுகிற பெண்ணின் மேஜை வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தார்? யார் கொண்டுவந்து சேர்த்தார்கள்? இதைப் பார்க்கத்தான் கிளம்பியிருக்கிறேன். சனிக்கிழமை குளோப் அரங்குக்குக் கூட வருவதாக அவள் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 10 – லீமிங்டன் ஸ்பாவில் மாட்டிக்கொண்டது

லண்டன் மேரிலபோன் நிலையத்தில் ஏறிய ரயில் லீமிங்டன் ஸ்பாவோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு போக வேண்டிய வண்டி ரத்து. பதிலுக்கு பஸ் வரும் என்றார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. தூறல் நிற்கவே இல்லை. நம்மூராக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இந்நேரம் பத்துப் பேர் நின்றிருப்பார்கள். இங்கே எல்லோரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வரிசையில் நின்றார்கள். வரிசை என்று யாரும் சொல்லவில்லை, அதுவாகவே அமைந்துவிட்டது.

எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். பையைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். ராத்திரி ஏழரைக்கு நாடகம் இருக்கிறதாம், டிக்கெட் எடுத்து ஐந்து மாதமாகிறதாம். “இந்த பஸ்ஸை நம்பினால் முதல் அங்கம் போய்விடும்” என்று சொல்லி, வரிசையில் இருந்த இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு டாக்ஸி பிடித்தார். ஆளுக்கு 11 பவுண்டு. நான் இருபதாக நீட்டியபோது, பிசகில்லாமல் ஒன்பதைத் திருப்பிக் கையில் வைத்தார்.

டாக்ஸியில் அவர் சொன்னது: பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்து ‘லியர் அரசன்’ பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். ஒன்றும் புரியவில்லை. ஆனால் இறந்த மகளைக் கையில் ஏந்தி லியர் மேடைக்கு வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் அழுதாராம். “அந்த மனுஷர் அழுவார் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாவது பார்த்துவிடுகிறேன்.”

அவரை ராயல் ஷேக்ஸ்பியர் அரங்க வாசலில் இறக்கிவிட்டோம். ஆற்றங்கரையில் செங்கல் கட்டடம். பழைய அரங்கு 1926-ல் தீப்பிடித்து எரிந்த பிறகு எலிசபெத் ஸ்காட் என்ற பெண் கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் எழுந்து, 1932-ல் திறந்தது. பின்னால் உள்ளே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பாட்டி படியேறிப் போகும் வேகத்தைப் பார்த்தால் எழுபத்தைந்து என்று சொல்ல முடியாது.

ஜூன் 11 – ஹென்லி தெரு

காலைச் சாப்பாட்டுக்கு வறுத்த முட்டை, தக்காளி, காளான், இனிப்புச் சாறில் ஊறிய பீன்ஸ். உப்பும் இல்லை, காரமும் இல்லை. தங்கும் வீட்டு அம்மா மட்டும் என் தட்டில் பன்றி இறைச்சி வராமல் பார்த்துக்கொள்ள, கேட்காமலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

ஹென்லி தெருவில்தான் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு. அப்பா ஜான் கையுறை தைக்கிறவர். 1552-ல் வீட்டு வாசலில் எருக்குவியல் போட்டதற்காக அபராதம் கட்டியவர். ஷேக்ஸ்பியர் குடும்பம் இந்தத் தெருவில் இருந்ததற்கு முதல் சான்றே அந்த அபராதக் கணக்குதான். கீழ்த்தளத்தில் தோலும் கத்தரிக்கோலும் வைத்துப் பட்டறை மாதிரி அமைத்திருக்கிறார்கள். உத்தரம் தாழ்வு. என்னைவிட உயரமானவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துதான் நடந்தார்கள்.

மேலே ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பார்க்க வந்தவர்கள் கண்ணாடியில் தங்கள் பேரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். வால்டர் ஸ்காட், தாமஸ் கார்லைல், நடிகர் ஹென்றி இர்விங், நடிகை எலன் டெர்ரி. வெளிச்சத்துக்கு நேரே சாய்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. ஒரு பேர் மேல் இன்னொரு பேர் ஏறி, சிலந்தி வலை மாதிரி மயங்கிக் கிடக்கிறது. நம்மூர்க் கோயில் மண்டபத்துத் தூணில் பேர் கீறியிருந்தால் எனக்குக் கோபம் வரும். இங்கே வரவில்லை. இவ்வளவு பெரிய எழுத்தாளர்கள் இங்கே வந்து நின்றதற்கு அடையாளம் அதுதானே.

1847-ல் இந்த வீடு ஏலத்துக்கு வந்தது. அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னம் வாங்கிக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று பேச்சு கிளம்பியதும் ஊர் கூடிப் பணம் திரட்டி 3,000 பவுண்டுக்கு வாங்கியது. நிதி திரட்ட நாவலாசிரியர் டிக்கன்ஸும் துணை நின்றார். இன்று நான் படியேறிப் பார்க்க முடிகிறது என்றால் அந்த வசூல்தான் காரணம்.

பின்பக்கத் தோட்டத்தில் எனக்கு நல்ல ஆச்சரியம் காத்திருந்தது. ரவீந்திரநாத் தாகூரின் மார்பளவுச் சிலை! ஷேக்ஸ்பியரின் 300-ஆம் நினைவாண்டான 1916-ஐ ஒட்டி அவர் எழுதிய கவிதை, வங்காளியிலும் ஆங்கிலத்திலும் கீழே பொறித்திருக்கிறது. எத்தனையோ மொழிக் கவிஞர்கள் இவரைப் பாடியிருக்க, தோட்டத்தில் இடம் கொடுத்திருப்பது நம் நாட்டுக் கவிஞருக்கு. ஈரப் புல்லில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதே தோட்டத்தில் இரண்டு நடிகர்கள் இருந்தார்கள். எந்த நாடகத்தில் எந்தக் கட்டம் வேண்டும் என்று கேட்டால், நடித்துக் காட்டுகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற சீனப் பையன் ‘ஜூலியஸ் சீசர்’ கேட்டான். கோழை சாவதற்கு முன் பலமுறை சாகிறான், வீரன் ஒரே ஒருமுறைதான் சாவைச் சுவைக்கிறான் என்று சீசர் சொல்கிற இடம். மேடை இல்லை, விளக்கு இல்லை. மழைக்கோட்டுப் போட்ட ஒரு இளைஞன் எங்கள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

அந்த வரிக்கு ஒரு வரலாறு உண்டு. தென்னாப்பிரிக்காவில் ரோபன் தீவுச் சிறையில் சன்னி வெங்கடரத்தினம் என்ற கைதி, ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு ஒன்றை வைத்திருந்தார். காவலர்கள் பிடுங்காமல் இருக்க, சாமி படம் போட்ட தீபாவளி வாழ்த்து அட்டைகளை அதன் மேல் ஒட்டி, வேதப் புத்தகம் என்று சொல்லி வைத்திருந்தார். கூட இருந்த கைதிகளிடம் அதைச் சுற்றுக்கு விட்டு, பிடித்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று கையெழுத்திட்டது இந்தக் கோழை-வீரன் வரிகளுக்குப் பக்கத்தில்தான். அந்தப் புத்தகம் பின்னால் இந்த ஊருக்கும் வந்து காட்சியில் இருந்திருக்கிறது. நடிப்பு முடிந்ததும் இதைச் சொன்னேன். சீன மாணவன் தொலைபேசியில் தேடிப் படத்தைக் கண்டுபிடித்து, அட்டையில் இருக்கும் சாமி யார் என்று என்னிடம் கேட்டான்.

என் முறை வந்தபோது ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் யூத வட்டிக்காரன் ஷைலாக்கின் பேச்சைக் கேட்டேன். யூதனுக்குக் கண் இல்லையா, கை இல்லையா, குத்தினால் ரத்தம் வராதா என்கிற இடம். வகுப்பில் எத்தனையோ தடவை வாசித்த வரிகள். முதலில் தழைந்து பேசிய அந்த நடிகை, “அநீதி செய்தால் நாங்கள் பழிவாங்க மாட்டோமா” என்ற இடத்தில் குரலை ஏற்றவே இல்லை, இன்னும் இறக்கினார். எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுவிட்டது. நான் அதைக் கத்தித்தான் வாசித்திருக்கிறேன்.

மதியம் நியூ பிளேஸ். சம்பாதித்த பிறகு, 1597-ல் அவர் வாங்கிய பெரிய வீடு. இப்போது வீடு இல்லை. பின்னால் அதை வைத்திருந்த பாதிரியார் கேஸ்ட்ரல், ஷேக்ஸ்பியர் நட்டது என்று எல்லோரும் பார்க்க வந்த மல்பெரி மரத்தை முதலில் வெட்டினார். 1759-ல் வீட்டையே இடித்துவிட்டார். இடம் மட்டும் தோட்டமாக இருக்கிறது. பக்கத்துக் கடையில் ஒரு டீ 3 பவுண்டு 60. சூடாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

ஜூன் 12 – தேவாலயமும் ஆறும்

விடாத மழை. ஏவன் ஆற்றங்கரையில் லிண்டன் மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும் பாதை வழியே ஹோலி டிரினிட்டி தேவாலயம். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இங்கே, 1564 ஏப்ரல் 26. அடக்கம் செய்ததும் இங்கே, 1616 ஏப்ரல் 25. பீடத்துக்கு முன்னால் தரையோடு பதித்த கல். கல்லில் பேர் கிடையாது. எலும்பை நகர்த்துகிறவனுக்குச் சாபம் என்று நாலு வரி மட்டும். சாபத்துக்குப் பயந்தோ மரியாதைக்கோ, கல்லறையை இதுவரை திறந்து பார்க்கவில்லை. ராடார் கருவியை மேலே ஓட்டிப் பார்த்ததோடு சரி.

சுவரில் அவர் சிலை, கையில் இறகுப் பேனா. கயிறு கட்டிய இடத்தில் ஒரு ஜெர்மன் குடும்பம், ஒரு நைஜீரியப் பாதிரியார், நான். யாரும் பேசவில்லை. பாதிரியார் மட்டும் நாலு வரியையும் தாழ்ந்த குரலில் வாசித்தார்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் ஆற்றோரம் நின்று மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினேன். 13 பவுண்டு. வினிகர் ஊற்றித்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார் கடைக்காரர். சரியாகத்தான் சொன்னார், வினிகர் இல்லாமல் அந்த எண்ணெய் இறங்காது. பாதி மீனை ஒரு அன்னம் கேட்டு வாங்கிப் போனது.

இதே ஆற்றங்கரையில்தான் 1769 செப்டம்பரில் நடிகர் டேவிட் கேரிக் ஷேக்ஸ்பியருக்குத் திருவிழா எடுத்தார். பந்தல், பாட்டு, ஊர்வலம், வாணவேடிக்கை. இரண்டாம் நாள் கொட்டிய மழையில் ஏவன் கரைபுரண்டு பந்தலுக்குள் தண்ணீர் புகுந்தது. ஊர்வலம் ரத்து. அந்த விழாவில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றுகூடப் போடவில்லை! ஆனாலும் இந்த ஊரைத் தேடி உலகம் வரத் தொடங்கியது அந்த நனைந்த விழாவுக்குப் பிறகுதான். கேரிக் நடிகர். தன் வாயில் வந்த வரிகளுக்குக் கடன்பட்டவர்.

ஜூன் 13 – லவ் லேன்

இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான். அங்கே என்னைத் தவிர ஒரு பயணி இல்லை.

லண்டன் நகரத்தின் நடுவில், ஆல்டர்மன்பரி என்ற தெருவும் லவ் லேனும் சேரும் மூலையில் அலுவலகக் கட்டடங்களுக்கு இடையே ஒரு சின்னத் தோட்டம். மதியச் சாப்பாட்டு நேரம். கோட்டுப் போட்டவர்கள் சாண்ட்விச்சும் தொலைபேசியுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே கல் பீடத்தில் ஷேக்ஸ்பியரின் தலை. 1896-ல் வைத்தது. ஆனால் அது அவருக்கு எடுத்த நினைவுச் சின்னம் இல்லை. ஜான் ஹெமிங்கஸ், ஹென்றி காண்டல் என்ற அவருடைய இரண்டு நாடகக் கூட்டாளிகளுக்கு எடுத்தது.

ஷேக்ஸ்பியர் தன் நாடகங்களைத் திரட்டி அச்சுக்குக் கொடுக்கவில்லை. தன் உயிலில் இந்த இருவருக்கும், குழுவின் இன்னொரு நடிகர் ரிச்சர்ட் பர்பேஜுக்கும், ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் ஒதுக்கி, மோதிரம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து, 1623-ல், ஹெமிங்கஸும் காண்டலும் 36 நாடகங்களை ஒரே நூலாகக் கொண்டுவந்தார்கள். அதில் ஏறக்குறைய பாதி அதுவரை அச்சேறாதவை. ‘மேக்பெத்’, ‘ஜூலியஸ் சீசர்’, ‘பன்னிரண்டாம் இரவு’, ‘புயல்’ எல்லாம் அந்தப் பாதிக்குள் வரும். இவர்கள் மெனக்கெடாமல் இருந்திருந்தால் மண்டேலா கையெழுத்துப் போட அந்த வரிகள் இருந்திருக்காது. தம்பி மகளின் மேஜையில் மூன்று நிறக் கோடு போட்ட அந்தப் புத்தகமும் இருந்திருக்காது. லாபமோ பேரோ எதிர்பார்த்துச் செய்யவில்லை, எங்கள் ஷேக்ஸ்பியர் போன்ற அருமை நண்பனின் நினைவு உயிரோடு இருக்கட்டும் என்றே செய்தோம் என்று நூலின் முகப்பில் அவர்களே எழுதிவைத்தார்கள்.

பீடத்தின் நாலு பக்கமும் நடந்து எழுத்து எல்லாவற்றையும் வாசித்தேன். இருவரும் இந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், இங்கேதான் அடக்கம். தேவாலயம் இப்போது இல்லை. 1666 பெருந்தீயில் ஒருமுறை எரிந்து, மறுபடி எழுந்து, 1940 குண்டுவீச்சில் திரும்பவும் எரிந்து, மிச்சக் கல்லைப் பின்னால் அமெரிக்காவின் மிசௌரிக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். அங்கங்கே அடித்தளக் கல் மட்டும் புல்லுக்குள் தெரிகிறது.

பெஞ்சில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், நான் இவ்வளவு நேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். ரொம்ப நாளாகத் தினமும் இங்கேதான் மதியச் சாப்பாடாம், அந்த எழுத்தை வாசித்ததில்லையாம். இருவரும் சேர்ந்து வாசித்தோம். மோதிரக் கதையைச் சொன்னதும், “அந்தக் காசுக்கு இது ரொம்பப் பெரிய கைம்மாறு” என்றார்.

சாயங்காலம் பிரிட்டிஷ் நூலகத்தில் அந்த 1623 நூலின் பிரதியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். இன்று உலகத்தில் இருநூற்றுச் சொச்சம் பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. காகிதம் நம் பழைய பஞ்சாங்க நிறம்.

ஜூன் 14 – குளோப்

தரை டிக்கெட். அப்போது 5 பவுண்டிலிருந்து கிடைத்தது, ஆனால் உட்கார இடம் கிடையாது. மேலே கூரையும் கிடையாது. குடை விரிக்க அனுமதி இல்லை, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்று. வானம் காலையிலிருந்தே கருத்துக் கிடந்தது. வாசலில் மெல்லிய பிளாஸ்டிக் மழையங்கி விற்றார்கள், எனக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொன்று.

1599-ல் கட்டிய முதல் குளோப், 1613-ல் ‘எட்டாம் ஹென்றி’ ஆடிக்கொண்டிருந்தபோது பீரங்கி வெடிப் பொறி கூரையில் விழுந்து எரிந்தது. இப்போதிருப்பது அமெரிக்க நடிகர் சாம் வனமேக்கரின் உழைப்பு. 1949-ல் லண்டன் வந்து குளோப் எங்கே என்று தேடியவருக்குக் கிடைத்தது ஒரு மது ஆலைச் சுவரில் பதித்த வெண்கலப் பலகை மட்டும். 1970-ல் அறக்கட்டளை தொடங்கி, பணத்துக்கு அலைந்து, நீதிமன்றம் ஏறி, 1993-ல் அரங்கு முழுமையாகும் முன்னே இறந்துபோனார். 1997-ல் திறந்தார்கள். பெருந்தீக்குப் பிறகு லண்டனில் புல் வேய்ந்த கூரைக்கு அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இது.

‘ரோமியோ ஜூலியட்’. மதிய ஆட்டம். முதல் அங்கம் முடியும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. மேடையில் இருந்தவர்கள் நிறுத்தவில்லை, நாங்களும் நகரவில்லை. மழையங்கிகள் எல்லாம் சேர்ந்து சலசலக்க, நடிகர்கள் குரலை அதற்கு மேல் ஏற்றினார்கள். என் கால் வலி உச்சத்தில் இருந்தது. ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ குத்துப்பட்டு, இரண்டு வீடும் நாசமாய்ப் போக என்று சபித்தபடி மேடை விளிம்புக்கு வந்து சரிந்தபோது எங்களுக்கும் அவனுக்கும் ஒரு கை தூரம். தம்பி மகள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்க அடங்கி, மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

முடிவில், செத்துக்கிடந்த ரோமியோவும் ஜூலியட்டும் எழுந்து எல்லோரோடும் சேர்ந்து ஆடினார்கள். துன்பியல் நாடகமானாலும் கடைசியில் ஆட்டத்தோடு முடிப்பது அக்கால வழக்கம், குளோப்பில் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

வெளியே வரும்போது வாசலில் இருந்த பெரியவர், எங்கள் மழையங்கிகளை வாங்கி மடித்தார். சம்பளம் இல்லாமல் தொண்டு செய்கிறவர். 2012-ல் இதே மேடையில் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டதைப் பற்றிச் சொன்னார். இந்தி, குஜராத்தி, உருது, வங்காளி எல்லாம் வந்தன, மொழி புரியாமலே நின்று பார்த்தாராம். “உங்கள் மொழி வந்ததா?” என்றார். வரவில்லை. அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றிச் சொன்னேன். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியவர், வழக்கறிஞர், நீதிபதியாகவும் இருந்தவர், ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தானே நடித்தவர். படித்த குடும்பத்து ஆட்கள் மேடை ஏறுவதையே இழிவாக நினைத்த காலத்தில் அதைச் செய்தவர். பெரியவர் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் இருவரும் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தோம்.

“அத்தை, அவர் மேக்பெத் போட்டாரா?”

“போட்டாரே. ‘மகபதி’ன்னு பேரு.”

“நீங்க படிச்சிருக்கீங்களா?”

இல்லை. தேடவும் இல்லை. ஆங்கிலத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுத்தே காலம் ஓடிவிட்டது.

“எனக்குத் தமிழ் மெதுவாத்தான் வாசிக்க வரும். நீங்க வாசிச்சா நான் கேட்பேன்” என்றாள்.

ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறாள். அதற்குள் ‘மகபதி’யைத் தேடிப் பிடித்துவிட வேண்டும். யாரிடமாவது பிரதி இருந்தால் எழுதுங்கள், ஜெராக்ஸ் செலவு என்னுடையது.